கராஜுக்குள் குடிபோக எத்தனை வோட்ஸ்?

1

கல்முனைக்குடியில் இருக்கும் என் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடுகிறேன். நான் கனடாவில் கராஜ் போடவில்லை. வாகனம் திருத்தவில்லை. டயருக்குக் காற்றும் அடிக்கவில்லை. ஆகவே "கராஜ் எப்படி ஓடுது?" என்று இனிமேல் யாரும் கேட்கக் கூடாது. மெக்கானிக் வேலைக்கு ஆள் தேவையா என்றும் கேட்கக் கூடாது. அல்லாஹ்வுக்காக விட்டுவிடுங்கள்.

இவ்வளவு எரிச்சலுக்கும் காரணம் நேற்று வந்த கேஸட். என் மனைவி நஸீராவின் காக்கா, அதாவது அண்ணன், என் மச்சான், பேசிப் பதிந்து, கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. ஊரில் சண்டையால் ரோட்டு ஒருநாள் திறப்பு, ஒருநாள் பூட்டு. அதற்குள் புகுந்து வந்து சேர ஒரு வருடத்துக்குக் கிட்ட எடுத்திருக்கிறது. நானும் நஸீராவும் தேத்தண்ணிக் கோப்பையோடு அதற்கு முன்னால் குந்தினோம். ஸலாமும் சுகசெய்தியும் முடிந்ததும் மச்சான் குரலை உயர்த்தினார்.

"மச்சான், கராஜ் போடுறதாச் சொல்லி அனுப்பியிருந்தீங்க. அல்ஹம்துலில்லாஹ். பஸ் நிப்பாட்ட ஏலுமா, சின்ன வாகனம் மட்டுந்தானா? பெரிய ஹீட்டர் ஒண்டும் வாங்கப் போறதாச் சொன்னீங்க. எத்தன பேருக்கு மச்சான் தேத்தண்ணி வைக்கிற?"

நஸீரா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கேஸட்டை நிறுத்தினாள்.

குற்றம் மச்சானுடையது அல்ல, சொல்லுடையது. நமது ஊரில் கராஜ் என்றால் பழைய எண்ணெய் மணக்கும் வாகனத் திருத்தகம். இங்கே வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் அறைக்கும் அதே பெயர். நமக்கு ஹீட்டர் என்றால் ஜொக்குக்குள் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கம்பிச்சுருள். இங்கே அது அறையைச் சூடாக்கும் இரும்புப் பெட்டி. முன்னைய கேஸட்டில் நான் இரண்டு சொல்லையும் விளக்காமல் பேசி அனுப்பியதன் பலன் இது. கராஜுக்கு ஏன் ஹீட்டர் பூட்டினேன், அதுவும் எந்த அளவில் பூட்டினேன் என்பதை இனி ஒழுங்காக எழுதுகிறேன்.

2

நமது கரையில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். உம்மாவும் வாப்பாவும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அதே வளவுக்குள் பின்னால் சமையல் செய்யும் குசினிப் பக்கம் போய்விடுவார்கள். இதில் அழுகையும் இல்லை, தியாகமும் இல்லை. நான் நஸீராவுக்கு மாப்பிள்ளையாகப் போன கிழமையே மாமாவும் மாமியும் குசினிக்கு மாறிவிட்டார்கள். மாமாவுக்கு அதில் பெரிய சந்தோசம். படுத்த இடத்திலிருந்தே தேத்தண்ணி கேட்கலாம் என்பார்.

எழுபதுகளின் கடைசியில் நான் வினிப்பெக்கில் ரயில்பெட்டி திருத்தும் வேலைத்தலமொன்றுக்கு ஃபிட்டராக வந்தேன். மகள் பரீனாவுக்கு அப்போது ஒன்பது வயது. பத்து வருடத்துக்குள் ஒரு வீடும், வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு கராஜும் எங்களுக்கு அமைந்தன. போன வருடம் பரீனாவுக்குச் சம்பந்தம் பேசி முடித்தோம். மாப்பிள்ளை இர்ஷாத், அக்கரைப்பற்றுக்காரர், டொரொன்டோவில் படித்துக்கொண்டிருந்தார். பேசியவர் அதே மச்சான். மாப்பிள்ளையின் உம்மா கேட்டனுப்பிய முதல் கேள்வி, "ஊடு எப்பிடி? எத்தன அற?" என்பது. மூன்று அறை என்று சொல்லி அனுப்பினோம். பேச்சு முடிந்தது.

அடுத்த நாள் நஸீரா குசினி யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கராஜத் துப்பரவாக்குங்க," என்றாள். "நிக்காஹ் முடிஞ்சா நாம அதுக்குள்ள."

"வெசராகா உனக்கு, பைத்தியமா? மனிசன் அதுக்குள்ள கெடந்தா வெறச்சிப் போவான். அது கார் நிக்கிற எடம்."

"கார் வெளிய நிக்கட்டும். காரென்ன, உம்மா வாப்பாவா?"

"இஞ்ச அப்பிடியெல்லாம் செய்ய ஏலா நஸீரா."

"ஏன் ஏலா? எங்கட உம்மா எனக்கு ஊட்டத் தந்திட்டுத்தான் பொறத்தால போன. நான் என்ட மகளுக்குக் குடுக்காம நடு ஊட்டுக்குள்ள கால நீட்டிக்கொண்டு படுக்கிறதா? ஊர்ல என்ன கதைப்பாங்க?" பிறகு குரலைத் தணித்தாள். "நான் நிய்யத்து வெச்சிட்டன். குளிருக்கு ஏதாச்சும் பூட்டுங்க. மெசின் வேல தெரிஞ்ச மனிசன்தானே நீங்க."

மனதுக்குள் அல்லாஹ்வுக்கென்று நிய்யத்து வைத்தாகிவிட்டது என்ற பிறகு நான் என்ன பேசுவது? அவளுக்கு மகள் ஒருத்திதான். அவள் கையில் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனால்தான் தான் உம்மாவாக இருந்ததற்கு அர்த்தம் என்று நஸீரா நினைத்தாள். எனக்கும் உள்ளுக்குள் அந்த நினைப்புத்தான். ஹீட்டர் வாங்கப் புறப்பட்டேன்.

3

கடைக்காரர் கேட்ட முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. கராஜ் எத்தனை அடி? வீட்டுக்கு வந்து அளந்தேன். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. திரும்பிப் போனேன். "ஷேர்ட் ஸ்லீவ் வேண்டுமா?" என்றார். நான் என் கையைக் குனிந்து பார்த்துவிட்டு, சட்டை வாங்க வரவில்லை, ஹீட்டர் வாங்க வந்தேன் என்றேன். மனிதர் பொறுமையாக விளக்கினார். சிலருக்குக் கராஜுக்குள் தண்ணீர் உறையாமல் இருந்தால் போதும். சிலர் குளிர்ச்சட்டை இல்லாமல் வெறும் சட்டையோடு நின்று வேலை செய்ய ஆசைப்படுவார்கள். அதற்குத்தான் அந்தப் பேச்சாம். ஹீட்டரின் அளவு முதலில் அதைப் பொறுத்தது.

பிறகு கணக்குச் சொன்னார். சுவருக்குள் பஞ்சு அடைத்த கராஜ் என்றால் ஒரு சதுர அடிக்குப் பத்து வோட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். நம்முடையதற்கு ஐயாயிரம் வரும். பஞ்சு இல்லாத வெறும் பலகைச் சுவர் என்றால் அதைவிடப் பாதி கூட, ஏழாயிரத்து ஐந்நூறு. கூரை உயரம் என்றால், பெரிய கதவில் நீக்கல் இருந்தால், இன்னும் கூட. அளவு குறைந்தால் ஹீட்டர் ஓயாமல் ஓடும், சூடு வந்து சேராது. அளவு கூடினால் சட்டென்று சூடாகி நிற்கும், கொஞ்சத்தில் மறுபடி எரியும், மறுபடி நிற்கும். இதெல்லாம் எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

"என்ன பாவனைக்கு?" என்று கேட்டார்.

"நித்திரை கொள்ள," என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

மனிதரின் முகம் மாறியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார், "மனைவி விரட்டிவிட்டாளா?"

"இல்லையில்லை. மனைவியும் என்னோடு வருகிறாள்."

விலைப்புத்தகத்தை மூடிவிட்டார். கராஜில் ஆள் படுப்பதற்கு என்று சொன்னால் தன்னால் எதையும் விற்க முடியாதாம். சட்டமாம். வெட்கமும் கோபமும் ஏறி, வாசலருகே அடுக்கி வைத்திருந்த ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆயிரத்து ஐந்நூறு வோட்ஸ். சாதாரணப் பிளக்கில் குத்தலாம். நஸீரா குளிர்ச்சட்டையோடு கராஜுக்குள் அதற்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தாள். அப்போது ஒக்டோபர்தான், குளிர் இன்னும் தொடங்கவேயில்லை.

"என்ன, எப்பிடி?" என்றேன்.

"மொகம் அடுப்படியில இரிக்கி. முதுகு கடல்ல கெடக்கு."

4

ஒருவரையும் கேட்காமல் நானே ஏழாயிரத்து ஐந்நூறு என்று முடிவெடுத்தேன். பெரிய ஹீட்டர் சாதாரணப் பிளக்கில் ஓடாது, அதற்கு இருநூற்று நாற்பது வோல்டில் தனி லைன் வேண்டும். வயரிங்காரர் வந்து எங்கள் மெயின் போர்ட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கரண்ட் அடுப்பு இருக்கிறது, உடுப்புக் காயவைக்கும் மெசின் இருக்கிறது. அவற்றோடு இதையும் ஏற்றினால் போர்ட்டையே மாற்ற வேண்டும். ஐயாயிரம் என்றால் முப்பது அம்பியர் பிரேக்கரோடு சமாளிக்கலாம், ஆனால் முதலில் சுவருக்குப் பஞ்சு அடையுங்கள் என்றார்.

அடைத்தேன். அது கண்ணாடிப் பஞ்சு. கழுத்து, கை, இமை, எல்லா இடமும் அரித்தது. பெரிய கதவைச் சுற்றி ரப்பர் ஒட்டினேன். லைன் கொண்டுபோக வளவைத் தோண்டினேன். ஊரில் மண் என்றால் கடற்கரை மணல், மண்வெட்டியைப் போட்டால் தானாக விழும். இங்கே கறுத்தக் களி. ஒரு வெட்டு வெட்டினால் அதை மண்வெட்டியிலிருந்து சுரண்டி எடுக்க ஒரு ஆள் தேவை. மழை தூறிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு எதற்கு என்று வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டு மனிதர் யன்னலைத் திறந்து, உதவி தேவையா என்று கேட்டார்.

இவ்வளவும் செய்த பிறகும் நஸீராவுக்கு ஐயாயிரத்தில் நம்பிக்கை இல்லை.

"பெருசா எடுங்க. பஞ்சும் இரிக்கட்டும், பெருசும் இரிக்கட்டும்."

"பெருசு எடுத்தா விட்டு விட்டு எரியும்கா. போர்ட்டும் தாங்கா."

"விட்டு விட்டு எரிஞ்சா என்ன? வெறச்சா மௌத்து. எது நல்லம்?"

இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நான் ஐயாயிரத்தையே வாங்கி வந்தேன்.

நகரசபைக் கந்தோரில் லைனுக்கு அனுமதி எடுக்க வேண்டும். நமது அரசாங்கக் கச்சேரியில் என்றால் பியோன் ஒருவர் "நாளைக்கு வாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வார், நாமும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம். இங்கே சிரித்த முகத்தோடு ஒரு யன்னலிலிருந்து அடுத்த யன்னலுக்கு அனுப்புவார்கள். சிரிக்கிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? கடைசி யன்னலில் இருந்த பெண்ணும் கராஜ் என்ன பாவனைக்கு என்று கேட்டாள். கடைக்காரரிடம் பட்டது போதும் என்று, "வேலைத்தலம்" என்றேன். சாமான் திருத்துவதா என்று கேட்டாள். தலையாட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள். ஆக, மச்சானுக்கு என்னதான் சொன்னாலும், அரசாங்கப் பதிவில் நான் கராஜ்தான் போட்டிருக்கிறேன்!

இத்தனைக்கும் பரீனா என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். கொலேஜால் வருவாள், புத்தகப் பையோடு கராஜ் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"வாப்பா, இது யாருக்கு?"

"உனக்குத்தான் மனே."

"எனக்கா? எனக்கு என்னத்துக்குக் கராஜ்?"

"பொறகு விளங்கும். போய்ச் சாப்புடு."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள். கல்யாணத்துக்கு வருகிறவர்களை உட்காரவைக்க இடம் செய்கிறோம் என்று கொஞ்சக் காலம் நினைத்தாளாம். அவளிடம் நாங்கள் விளக்கவில்லை. இர்ஷாத்திடமும் எங்கே இருக்க உத்தேசம் என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வராமல் வேறு எங்கே போவார்? நமது ஊரில் யாராவது அதைக் கேட்டதுண்டா? ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அவரோடு ஃபோனில் ஆங்கிலத்தில் கதைப்பாள். நாங்கள் மரியாதைக்குக் குசினிக்குள் போய்விடுவோம்.

5

லைன் இழுத்து, ஹீட்டரைக் கூரை மூலையில் தொங்கவிட்டு முடித்தபோது முதல் பனி விழுந்துவிட்டது. நிக்காஹ் வசந்த காலத்தில்தான். நஸீராவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. கராஜின் நடுவில் கயிறு கட்டிச் சீலை தொங்கவிட்டாள். கட்டில் போட்டாள். தொழுகைப் பாயும் ஒரு சின்ன அலுமாரியும் கொண்டுவந்தாள். எங்கள் அறையிலிருந்த உடுப்பையெல்லாம் எடுத்து அந்த அறையை மகளுக்கும் மருமகனுக்கும் என்று வெறுமையாக்கினாள். ஒரு வெள்ளிக்கிழமை கராஜுக்குள் இருந்து, குடிபுகுவதற்கென்று யாஸீனும் ஓதி முடித்தாள்.

அடுத்த கிழமை லைனைப் பார்க்க நகரசபை அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். மூடியைக் கழற்றிப் பார்த்தார், பிரேக்கரைத் தட்டிப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். ஹீட்டரையும் போட்டுப் பார்த்தார். அரை மணித்தியாலத்துக்குள் தொப்பியையும் குளிர்ச்சட்டையையும் கழற்றிவிட்டார். அளவு சரியாகப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார். இந்த நாட்டில் அரச உத்தியோகத்தர் ஒருவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகுதான் சீலைக்குப் பின்னால் கிடந்த கட்டிலைக் கண்டார்.

"இங்கே யாராவது படுக்கிறார்களா?"

அந்த நேரம் பார்த்து நஸீரா தேத்தண்ணியோடு வந்தாள், பின்னால் பரீனா. அதிகாரி கட்டிலைக் காட்டிக் கேட்பது நஸீராவுக்கு விளங்கிவிட்டது. அவள் பயப்படவில்லை, பெருமைப்பட்டாள்.

"செல்லு மகள். ஊட்ட மகளுக்குக் குடுத்திட்டு உம்மா வாப்பா பொறத்தால வாற, எங்கட ஊர்ல அப்பிடித்தான் எண்டு அவருக்கு வடிவாச் செல்லு."

பரீனா உம்மாவைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், அலுமாரியைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பிறகு அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "வாப்பா இங்கே சாமான் திருத்துகிறவர். களைத்தால் கொஞ்சம் சாய்ந்து படுப்பார்." பிள்ளை சமாளித்துவிட்டாள் என்று நான் மூச்சு விட்டேன்.

அதிகாரிக்கு இன்னும் சந்தேகம். வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் இதற்குள் இருக்கிறோமோ என்று நினைத்தாரோ என்னவோ, வீடு யாருடையது என்று கேட்டார். அந்தச் சொல் நஸீராவுக்குத் தெரியும். மகளின் தோளில் கையை வைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தானே பதில் சொன்னாள். "ஹேர் ஹவுஸ்."

"இல்லை," என்றாள் பரீனா ஆங்கிலத்தில். "இது என் பெற்றோரின் வீடு. கல்யாணம் முடிந்ததும் நான் டொரொன்டோவுக்குப் போகிறேன்."

அதிகாரிக்குச் சொன்னாள். எங்களுக்கு அல்ல. அவர் கேட்ட அதே நேரத்தில்தான் நாங்களும் கேட்டோம். அவர் வாழ்த்துச் சொல்லி, தேத்தண்ணியைக் குடித்து, இதற்குள் படுக்க மட்டும் வேண்டாம் என்று என்னை எச்சரித்துவிட்டுப் போனார்.

நஸீரா காலிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மனிசனுக்குச் செல்லத்தானே பொய் சென்ன? வாப்பாவக் காப்பாத்தத்தானே?"

"இல்ல உம்மா. இர்ஷாத்துக்கு அங்கதான் வேல. நான் செல்லத்தான் இரிந்த. எப்பிடிச் செல்ற எண்டு தெரியாம இரிந்த."

"அப்ப ஊடு?"

"ஊடு எனக்கு வேணா உம்மா. நீங்க உள்ளுக்கு இரிங்க. நாங்க லீவுக்கு வந்து போவம்."

"வந்து போறதா?" நஸீராவின் குரல் உடைந்துவிட்டது. "வந்து போற ஆம்புளப் புள்ளயள்கா. பொம்புளப் புள்ள ஊட்டுக்காரி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எவர் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இர்ஷாத் மேலா? என் பிள்ளை மேலா? ஊரில் யாரும் கேட்க வேண்டியிராத ஒரு கேள்வியை இங்கே வந்து கேட்காமல் விட்ட எங்கள் மேலா? கழுத்து முழுக்க இன்னும் பஞ்சு அரித்துக்கொண்டிருந்தது. "சரி, போதும். உள்ளுக்கு நடங்க எல்லாரும்!" என்று கத்தினேன்.

நஸீரா அசையவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல்ல. நிய்யத்து வெச்சுக் குடுத்த ஊடு. குடுத்த ஊட்டுக்குள்ள எப்பிடித் திரும்பக் கிறுகிப் போற? அவள் எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டி விடட்டும். எனக்கு இந்த எடம் போதும்."

இங்கே படுத்தால் சட்டம் பிடிக்கும் என்றேன். பிடிக்கட்டும் என்றாள். ஊரில் கேட்டால் சிரிப்பார்கள் என்றேன். அதற்கும் அவள் அசையவில்லை. பரீனா அழுதிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உம்மாவுக்கு முன்னால் போய்க் குந்தினாள்.

"உம்மா, அந்த ஊடு என்ட ஊடுதானே?"

நஸீரா தலையை ஆட்டினாள்.

"அப்ப ஊட்டுக்காரி செல்றன். உள்ளுக்கு வாங்க. நான் கூப்புடுறன்."

நஸீரா எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே இறங்கினாள். பரீனா குசினி வாசலால் முதலில் உள்ளே போனாள். நஸீரா அந்தப் பக்கம் போகவில்லை. பனிக்குள்ளால் வீட்டைச் சுற்றிக்கொண்டு, விருந்தாளிகள் வரும் முன்வாசலுக்குப் போனாள். இத்தனை வருடமாகத் தான் கூட்டித் துடைத்த வாசலில் நின்று ஸலாம் சொன்னாள். மகள் உள்ளேயிருந்து பதில் ஸலாம் சொல்லிக் கதவைத் திறக்கும் வரைக்கும் அவள் காலை உள்ளே எடுத்து வைக்கவில்லை.